என் மகளின் கோ-கோ கூட்டாளிகள்

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இருக்கைக்குத் திரும்பியபோது மாட்டுங்கா கோச்சிங் கிளாஸிலிருந்து போன் வந்தது. பேசிய பெண் ஹிந்தியில் ரொம்பப் பரிவாகக் கேட்டாள்: “மேடம், உங்கள் மகளுக்கு உடம்பு இப்போது தேவலையா? ரொம்ப நாளாக வரவில்லையே, அதனால்தான் விசாரிக்கலாம் என்று.”

முந்தின நாள்கூட என் மகள் பையை மாட்டிக்கொண்டு கிளாஸுக்குக் கிளம்பிப் போனாள். இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தாள். “இன்னிக்கு என்ன நடத்துனாங்க?” என்று நான் கேட்டதற்கு “ஃபிசிக்ஸ்” என்று பதில்கூடச் சொன்னாள். போனில் “தேவலை, வந்துவிடுவாள்” என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கிளாஸ் தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி, மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு தாதரிலிருந்து டாக்சி பிடித்தேன்.

நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். என் கணவருக்கு அங்கே எலெக்ட்ரிக்கல் சாமான் கடை. எனக்கு தாதரில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. எங்கள் இரண்டு பேர் குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவை. ஒரே மகள். இது நடந்தது போன வருஷம், அப்போது அவள் பத்தாம் வகுப்பு. எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயாராக வேண்டும் என்று எங்கள் கட்டடத்தில் எல்லாரும் பிள்ளைகளைச் சேர்த்த அதே கிளாஸில் நாங்களும் சேர்த்தோம். அவளும் சரி என்று தலையாட்டினாள். கணக்கு அவளுக்கு நன்றாகவே வரும்.

சேர்ந்து சில மாதத்தில் வயிற்று வலி ஆரம்பித்தது. காலையில் எழுந்தவுடன் வலிக்கும். ஸ்கூலில் வலிக்கும். கிளாஸில் டெஸ்ட் என்றால் முந்தின ராத்திரியே சாப்பாட்டை ஒதுக்கிவிடுவாள். டாக்டரம்மா சோனோகிராஃபி ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ரத்தம் பார்க்கச் சொன்னார். எதிலும் ஒன்றும் இல்லை. “மனசுல ஏதாவது இருக்கான்னு கேட்டுப் பாருங்க” என்றார். கேட்டுப் பார்த்தோம். “ஒண்ணுமில்ல” என்றாள். முன்பெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர் என்ன சாப்பிட்டார் என்பதுவரை வந்து சொல்கிற பெண் அவள். அந்த வருஷம் அவளிடமிருந்து ஒரு முழு வாக்கியம் வாங்குவது எங்களுக்குப் பெரிய காரியமாகிவிட்டது.

கிளாஸ் இருப்பது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். ஏறிப் போய்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவள் இல்லை. இறங்கும்போது மாடிப்படி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பெண் பிள்ளைகள் கத்தும் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு மண் மைதானம். பத்துப் பதினைந்து பெண்கள் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். மைதானத்தைச் சுற்றியிருந்த குட்டைச் சுவரில், கிளாஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

நான் போய் அவள் முன்னால் நின்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆட்டத்தை விட்டுவிட்டு ஒரு பெண் எங்களை நோக்கி ஓடி வந்தாள். கறுப்பு, ஒல்லி, முழங்காலில் பழைய காயத்தின் தழும்பு, தலைமுடியை இறுக்கி இரட்டைப் பின்னலாகப் போட்டிருந்தாள். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். முதலில் ஹிந்தியில் “ஆன்ட்டி, நீங்க இவ மம்மியா?” என்றாள். நான் மகளைத் தமிழில் “எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டதும், அவளும் சட்டென்று தமிழுக்கு மாறினாள்.

“ஆன்ட்டி, அவ தப்பா ஒண்ணும் செய்யல. இங்கன வந்து உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பா. அவ்வளவுதான். முத நாளு அழுதுக்கிட்டு இருந்தா. தண்ணி குடுத்தோம், குடிச்சா. என்னன்னு நாங்களும் கேக்கல.”

“ஏன் கேக்கல?” என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டிருப்பேன்.

“அழுறவங்ககிட்ட என்னன்னு கேட்டா இன்னும்ல அழுவாங்க” என்றாள். பிறகு, “எதுக்கு ஆன்ட்டி நின்னுக்கிட்டே இருக்கிய? உக்காருங்க” என்று சுவரில் இருந்த தூசியைக் கையால் தட்டிவிட்டாள்.

உட்கார்ந்தேன். எனக்கு அது தெரிந்த பேச்சு, திருநெல்வேலிப் பேச்சு. இதே ஊரில், ஆண்டாப் ஹில்லில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் அப்பாவின் மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் பேசுவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எப்போதோ தேய்ந்துபோய்விட்டது. அந்தப் பெண் வீடு தாராவியில். அப்பா பை தைக்கும் பட்டறையில் வேலை, அம்மா சயானில் இரண்டு வீடுகளில் சமையல். இந்தக் கூட்டத்துக்கு இவள்தான் கேப்டன். பயிற்சி தருகிற அம்மாள் ரயில்வேயில் வேலை பார்க்கிற மராத்திப் பெண். எல்லாரும் அவரைத் தாயி, அதாவது அக்கா என்று கூப்பிட்டார்கள். டியூட்டி இல்லாத நாளில் மட்டும் வருவார். மற்ற நாட்களில் இந்தப் பிள்ளைகள் தாங்களாகவே கோடு கிழித்து, தாங்களாகவே சண்டை போட்டு, தாங்களாகவே ஆடினார்கள்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது என் மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். குர்லா தாண்டியதும் சொன்னாள்: “அம்மா, கிளாஸ்ல என் ரோல் நம்பர ரேங்க்படி போர்டுல எழுதுவாங்க. படியேறும்போதே வயிறு பிசையும். அந்த ஜன்னல்கிட்ட நின்னு அவங்க ஆடுறதப் பாத்தா வலி கொறஞ்ச மாதிரி இருந்துச்சு. ஒரு நாளு அப்படியே கீழ போயிட்டேன்.” அந்த வருஷம் அவள் என்னிடம் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான் முதல் தடவை.

என் கணவர் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். சத்தம் போடுகிறவர் இல்லை. பயம் வந்தால் கணக்குப் போடுவார். பத்தாம் வகுப்பில் போய் நிறுத்தினால் பதினொன்றில் எப்படிப் பிடிப்பது, மற்றப் பிள்ளைகள் எங்கே போய்விடுவார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் மகளைக் கூப்பிட்டு, “நீ என்ன நினைக்கிற?” என்றார்.

“எனக்கு கோ-கோ ஆடணும்” என்றாள்.

அவர் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். “பாதி நாள் கிளாஸ், பாதி நாள் மைதானம். பரீட்சை வரைக்கும் பார்ப்போம்” என்றார். அந்த ஏற்பாடு ஒரு மாதம்தான் ஓடியது. ஒரு டெஸ்ட் நாளில் அவள் கிளாஸ் படிக்கட்டிலேயே வாந்தி எடுத்தாள். அவர்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் என்னிடம், “கிளாஸ் வேண்டாம், விட்டுடலாம்” என்றார்.

மைதானத்தில் அவள் ஒன்றும் சூரப்புலியாக இருந்துவிடவில்லை. கோ-கோ தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: துரத்துகிற அணியில் எட்டுப் பேர் ஒரே வரிசையில், ஒருத்தி இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் பார்த்தபடி குந்தியிருப்பார்கள். ஒன்பதாவது ஆள் துரத்துவாள். தன்னால் பிடிக்க முடியாது என்று தெரிந்தால், உட்கார்ந்திருப்பவள் முதுகைத் தொட்டு “கோ” என்று உரக்கச் சொல்ல வேண்டும். உடனே அவள் எழுந்து ஓட, இவள் அந்த இடத்தில் உட்கார வேண்டும். “கோ” என்பது நடுவர் காதில் விழவில்லையென்றால் ஃபவுல். என் மகளுக்கு ஓட்டம்கூடச் சீக்கிரம் வந்துவிட்டது. சத்தம்தான் வரவில்லை. முதுகைத் தொடுவாள், வாய் அசையும், அவ்வளவுதான்.

அதற்கு அந்தப் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அதை நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். ஒரு நாள் அலுவலகம் சீக்கிரம் முடிந்து, அவளைக் கூட்டிப் போகலாம் என்று மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கினேன். ஆட்டம் முடிந்ததும் தாராவிப் பெண்கள் ரயில் பாதைக்கு மேலே போகிற நடைபாலத்தில் ஏறித்தான் வீட்டுக்கு நடப்பார்கள். மற்றவர்களும் பாதிப் பாலம் வரை கூடப் போய்த் திரும்புவார்கள். அன்றைக்குப் பாலத்தின் நடுவில் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கீழே ஃபாஸ்ட் லோக்கல் ஒன்று தடதடத்து வந்தது. அது பாலத்தடியில் நுழைந்ததும் அத்தனை பேரும் சேர்ந்து “கோ” என்று கத்தினார்கள். ரயில் சத்தத்தில் ஒருத்தர் குரல்கூடத் தனியாகக் கேட்கவில்லை. அப்புறம் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தார்கள். போகிற வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் மகள் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள்.

நான் படியிலேயே நின்றுவிட்டேன். கிட்டே போயிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். தனியாகப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, ஒன்றும் தெரியாதது மாதிரி தோசைக்கல்லைப் போட்டேன். அவள் வந்து, தொண்டை கட்டின குரலில், பசிக்கிறது என்றாள்.

பேச்சு திரும்பி வந்தது. அதோடு எங்கள் வீட்டில் இல்லாத பேச்சும் வந்தது. ஒரு நாள் போனில் யாரிடமோ “ஏட்டி, நீ எங்கன நிக்க?” என்று கேட்டாள். என் கணவர் செய்தித்தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “எங்க ஆச்சி பேச்சுல்ல இது” என்று சிரித்தார். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பெண், ஹிந்தியிலேயே சண்டை போடுகிற பெண், ஊர்த் தமிழை ஒரு கூட்டாளியிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் கேப்டன் பெண் வருவது நின்றது. அவள் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன். வீட்டு வேலை முழுவதும் இவள் தலையில் விழுந்தது. அதோடு, அம்மா சமைக்கிற இரண்டு வீட்டையும் விட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று, காலையில் ஜூனியர் காலேஜில் பன்னிரண்டாம் வகுப்பு, மதியம் அந்த வீடுகள், சாயங்காலம் தன் வீடு என்று ஓடிக்கொண்டிருந்தாள். “இனிமே வர முடியாதுட்டி. நீங்க வேற கேப்டன் போட்டுக்கோங்க” என்று போனில் சொல்லிவிட்டாளாம்.

இதை என் மகள் சொன்னபோது, பாவம் என்று நான் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொள்கிற வயது எனக்கு. அவர்களுக்கு அந்த வயது இல்லை. மைதானத்திலேயே உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேர் ஆட்டத்தை விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போவது. தண்ணீர் பிடித்து வைப்பது, காய் நறுக்குவது, அம்மாவைப் பார்த்துக்கொள்வது. அந்த ஒரு மணி நேரம் அவள் மைதானத்துக்கு வருவது. என் மகளோடு ஜோடி சேர்ந்தவள் மாட்டுங்காவில் ஒரு பெரிய டாக்டருடைய பெண். உயரமானவள், மெதுவாகப் பேசுவாள், வீட்டில் பியானோவெல்லாம் உண்டு. இரண்டு பேரும் கூடி ஒரு வெங்காயத்தைச் சரியாக நறுக்கியது கிடையாது.

“நானும் வர்றேன்” என்றேன். தாராவியில் எந்தச் சந்து என்றுகூடத் தெரியாமல் பிள்ளைகளை எப்படி விடுவது என்று எனக்குப் பயம். என் மகள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “சரி, ஆனா நீ பேசக் கூடாது” என்றாள்.

தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் ஒரே அறை வீடு. மேலே பரண். மூலையில் பாத்திரம் கழுவுகிற மோரி. கட்டிலில் அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். கேப்டன் பெண் அடுப்புக்கு முன்னால் நின்று சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் இறுகிப் போனது.

“நான் யாருகிட்டயும் கேக்கலயே” என்றாள்.

“கேக்காமத்தான் வந்திருக்கோம்” என்றாள் என் மகள். “பூண்டு எங்க இருக்குன்னு சொல்லு.”

“உனக்குப் பூண்டு உரிக்கத் தெரியுமாட்டி?”

“தெரியாது. நீ ஆடிட்டு வர்றதுக்குள்ள தெரிஞ்சிரும்.”

கட்டிலில் இருந்த அம்மா சிரித்துவிட்டார். சிரித்தால் தையல் வலிக்கும் போலிருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “போயிட்டு வாட்டி. நான் இவங்களுக்குச் சொல்லிக் குடுக்கேன்” என்றார். அந்தப் பெண் பூரிக்கட்டையைக் கீழே வைக்காமலே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, ஆணியில் தொங்கிய ட்ராக் பேண்டை எடுத்துக்கொண்டு போனாள். சந்து முனை வரை நடந்தாள். அதற்குப் பிறகு ஓடினாள். நான் வாசலில் நின்றிருந்ததால் அதைப் பார்த்தேன்.

மகள் சொன்னபடியே நான் பேசாமல் இருந்தேன். அவள் அம்மாதான் பேசினார். “எம் பிள்ள இப்படி முகம் காட்டுனதே இல்ல. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன், இந்த ஒரு மாசமா யாரு கூப்பிட்டாலும் எரிஞ்சு விழுதா. அவளுக்கு அந்த மைதானம் வேணும்” என்றார். டாக்டர் வீட்டுப் பெண் அப்போது மோரியில் குந்தி உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு குக்கரை உலகத்திலேயே முக்கியமான பொருள் மாதிரித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன முதல் நாள் செய்த சாம்பாரை அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. போகப் போகத் தேறிவிட்டார்கள். அம்மா எழுந்து நடமாடுகிறவரை அந்த முறை தவறவில்லை. இதற்காக யாரும் யாருக்கும் நன்றி சொன்னதாக நான் கேட்கவில்லை.

கல்யாணில் நடந்த ஒரு போட்டிக்கு நான் மேனேஜராகப் போனதும் அந்த வருஷம்தான். கூட ஒரு பெரிய பெண்மணி இருந்தே ஆக வேண்டுமாம். தாயிக்கு அன்றைக்கு டியூட்டி. “ஆன்ட்டி, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். தொப்பி போட்டுக்கிட்டு நின்னாப் போதும்” என்றாள் கேப்டன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மகளும் செம்பூரிலிருந்து குர்லா போய், கல்யாண் போகிற ஸ்லோ ரயிலுக்கு நின்றோம். மாட்டுங்காவிலும் சயானிலும் ஏறியவர்கள் கடைசி லேடீஸ் பெட்டியின் வாசலில் நின்று கை ஆட்டினார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் சாப்பாட்டு டப்பாக்கள் திறந்தன. ஒருத்தி போஹா என்கிற அவல் உப்புமா, ஒருத்தி தேப்லா என்கிற வெந்தயக்கீரைச் சப்பாத்தி, ஒருத்தி இட்லிக்குப் பொடி தடவிக் கொண்டுவந்திருந்தாள். எது யாருடையது என்று இல்லாமல் கைகள் போயின. என் மகள் சாப்பிடுகிறாளா என்று ஒரு வருஷமாக ஓரக்கண்ணால் பார்த்துப் பழகிப்போன நான், அன்றைக்கு எத்தனை இட்லி என்று பார்க்கவில்லை. டோம்பிவ்லிக்கு முன்னால் தற்செயலாகத் திரும்பியபோது அவள் அடுத்தவள் டப்பாவின் அடியை வழித்துக்கொண்டிருந்தாள்.

எதிர் சீட்டில் டாக்டர் வீட்டுப் பெண் தாராவிப் பெண்கள் இரண்டு பேருக்கு ட்ரிகோனாமெட்ரி சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அவளிடம், “உனக்கு இத்தனை வகுப்பு இருக்கே, இதுக்கு எப்படி வீட்டுல விட்டாங்க?” என்று ஹிந்தியில் கேட்டேன்.

“பியானோவுக்கு கிரேடு இருக்கு ஆன்ட்டி. சமஸ்கிருதத்துக்குப் பரீட்சை இருக்கு. நீச்சலுக்குக்கூட மெடல் வேணும்னு சொல்லுவாங்க. இதுல ஒண்ணும் வராதுன்னு மம்மிக்குத் தெரியும். அதனால இதப் பத்தி யாரும் என்கிட்ட எதுவும் கேக்குறதில்ல.” சொல்லிவிட்டு, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டது போல என்னைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த, ஆண்டாப் ஹில்லிலிருந்து வருகிற பெண், “எங்க வீட்டுல நான் எங்க போறேன்னே யாருக்கும் தெரியாது” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கேப்டன் சிரிக்காமல் அந்த ஆண்டாப் ஹில் பெண்ணின் தோளில் கையைப் போட்டு இழுத்து வைத்துக்கொண்டாள். தானே ஸ்டேஷனிலும் அந்தக் கை அங்கேயே இருந்ததைக் கவனித்தேன். டோம்பிவ்லியிலும் அப்படியேதான் இருந்தது.

கல்யாணில் ஒரு பள்ளிக்கூட மைதானம். நல்ல வெயில். நான் தொப்பி போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டில்களுக்குக் காவலாக நின்றேன். முதல் இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். கேப்டன் ஓடுகிறபோது பார்க்க வேண்டும். கம்பத்தைப் பிடித்துச் சுழன்று, உடம்பைத் தரைக்குப் படுக்கையாக வீசி, விரல் நுனியால் எதிரணிப் பெண்ணின் குதிகாலைத் தொடுவாள். எழுந்திருக்கும்போது தாடையெல்லாம் மண். சப்பாத்திக் கட்டையோடு நின்ற பெண்ணா இவள் என்றிருந்தது.

மூன்றாவது ஆட்டம் அரையிறுதி. ஒரே ஒரு புள்ளி எடுத்தால் சமன். எதிரணிப் பெண் ஒருத்தி என் மகளுக்கு நேர் எதிரில் மாட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஓடி வந்த கேப்டன் “கோ” சொல்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே என் மகள் எழுந்துவிட்டாள். விசில் ஊதியது. ஃபவுல். துரத்துகிறவர்கள் எதிர்ப்பக்கம் திரும்பி ஓட வேண்டியதாயிற்று, அந்தப் பெண் தப்பிவிட்டாள், நேரமும் முடிந்துவிட்டது.

என் மகள் நடு மைதானத்தில் அப்படியே நின்றாள். அந்த ரேங்க் போர்டு, அந்தப் படிக்கட்டு எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. பையில் மாத்திரை இருக்கிறதா என்று கை தானாகத் துழாவியது. கேப்டன் அவள் கிட்டே போனாள். சமாதானம் சொல்வாளா, திட்டுவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வெரசா எந்திரிச்சிட்ட” என்றாள். “அவ ஆசை காட்டுனா, நீ எந்திரிச்சிட்ட. அடுத்த தடவ சத்தம் காதுல விழுந்தப்புறம் எந்திரி.”

“சரி” என்றாள் என் மகள்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார்கள். மற்றப் பெண்கள் தோற்றதற்காக நன்றாகவே அழுதார்கள், ஆண்டாப் ஹில் பெண் நடுவரைத் திட்டினாள், டாக்டர் வீட்டுப் பெண் ஷூவைக் கழற்றி எறிந்தாள். ஆனால் யாரும் என் மகள் பக்கம் ஒரு பார்வைகூடக் குற்றமாகப் பார்க்கவில்லை. அவளும் சேர்ந்துதான் அழுதாள். அழுது முடித்து என்னிடம் வந்து, “அம்மா, பசிக்குது. எல்லாருக்கும் வடா பாவ் வாங்கித் தருவியா?” என்றாள். மேனேஜருக்கு அன்றைக்கு இருந்த ஒரே வேலை அதுதான். சந்தோஷமாகச் செய்தேன்.

இந்த வருஷம் ஜூலையில் விடாமல் மழை பெய்து மைதானம் குளமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஹால் முழுக்க ஈரச் செருப்பும் சத்தமும். என் கணவர் கோ-கோ விதி பற்றிக் கேட்கப் போய், அவரையே தரையில் குந்த வைத்துவிட்டார்கள். நான் சமையலறையில் பூரி போட்டுக்கொண்டிருந்தேன். கேப்டன் பெண் வந்து வாசலில் நின்றாள்.

“ஆன்ட்டி, அவ ரூமுல கதவச் சாத்திக்கிட்டுக் கொஞ்ச நேரம் இருக்கட்டா?”

“படுத்துக்கோ. உடம்பு சரியில்லையா?”

“இல்ல ஆன்ட்டி. உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுல ஒரே கதவு. அது ரோட்டுக்குப் போற கதவு. உள்ள இருந்துக்கிட்டுச் சாத்துறதுக்குன்னு ஒரு கதவு இல்ல. சும்மா இருந்து பாக்கணும்.”

போய்ச் சாத்திக்கொண்டாள். ஹாலில் இருந்தவர்களிடம் என் மகள் ஒரு வார்த்தை சொன்னாள், அத்தனை பேரும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஆளுக்கொரு அறை, மீதிப் பேர் வீட்டில் ஒரே அறை; எதற்காகச் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். தூங்கின முகமாகத் தெரியவில்லை. நன்றாக இருந்தாள். ஆறிப்போன பூரியை எண்ணெய் காய வைத்து மறுபடி போடுகிறேன் என்றேன். கேட்காமல் நின்றபடியே சாப்பிட்டாள்.

இப்போது கேப்டன் பி.காம் முதல் வருஷம். மதியத்தில் சயானில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. அம்மா பழையபடி சமையலுக்குப் போகிறார். என் மகள் பதினொன்றாம் வகுப்பு. பத்தாம் வகுப்பில் நாங்கள் ஒரு காலத்தில் ஆசைப்பட்ட மார்க் வரவில்லை, பயந்த மார்க்கும் வரவில்லை. சயின்ஸ்தான் வேண்டும் என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள், எங்களுக்கே ஆச்சரியம். வயிற்று வலி அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பரீட்சைக்கு முன்னால் இன்னும் வருகிறது. வந்தால் சொல்கிறாள். “அம்மா, இன்னிக்கு வலிக்குது” என்று சொல்லிவிட்டு, என்னிடம் வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறாள்.

நான் அவள் வயதில் பள்ளிக்கூடம் விட்டால் அப்பா கடையில் நிறுவைக்கு நிற்பேன். அதில் குறை ஒன்றும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் எனக்கு இப்படி ஒரு கூட்டம் இருந்ததில்லை. யார் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதெல்லாம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே, அதைப் பெரிதாக்காமல் பழகுகிறார்கள். அந்தப் பக்குவம் எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் கொஞ்சம் வந்தது.

நேற்று சாயங்காலம் அலுவலகம் விட்டு வருகிற வழியில் மாட்டுங்காவில் இறங்கினேன். மைதானம் காய்ந்திருந்தது. புதிதாக இரண்டு சின்னப் பெண்கள் சேர்ந்திருந்தார்கள். கேப்டன் அலுவலக உடுப்பை மாற்றக்கூட நேரமில்லாமல் சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். என் மகள் அவளுக்கு எதிர்ப்பக்கம் நின்று, கோடு கோணலாகப் போகிறது என்று சண்டை போட்டாள். கோணலாகத்தான் போனது. இரண்டு பேரும் குனிந்து அழித்துவிட்டு மறுபடி கிழித்தார்கள். ஆறு இருபது லோக்கலைப் பிடிக்க வேண்டும் என்று நான் கிளம்பினேன்.